“அண்ணா, மெயில் லேட்டா வருமா?” - சோரியாங்குப்பம் இளைஞரைத் தூங்கவிடாத 51,912 விநாடிகள்

சனிக்கிழமை சாயங்காலம். சோரியாங்குப்பத்தில் தன் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த இளைஞர். எதிர்வீட்டுப் பெண் கையில் செல்போனோடு வந்து நின்றார். பி.காம் முடித்து ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருப்பவர்.

“அண்ணா, நீ மெயில் வேலைதானே பாக்குற? மெயில் லேட்டா வருமா?”

“அனுப்புன உடனே வந்துடும்மா. ஏன் கேக்குற?”

“இன்டர்வியூ மெயில்ணா. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆனா எனக்கு மெயிலே பதினொன்னு இருபதுக்குத்தான் வந்துச்சு. போன் பண்ணிக் கேட்டா, ‘வியாழக்கிழமை ராத்திரியே அனுப்பிட்டோம், நீ பாக்காம இருந்துட்டு எங்களைச் சொல்றியா?’ன்னு கேக்குறாங்க.”

வியாழக்கிழமை ராத்திரி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

செல்போன் ஆப்பில் பார்க்க முடியாது என்பதால், அந்தப் பெண்ணின் ஜிமெயிலைத் தன் லேப்டாப்பில் திறக்கச் சொன்னார். மெயிலின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘அசலைக் காட்டு’ என்பதைச் சொடுக்கினார். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் இப்படி ஒரு பின்பக்கம் உண்டு. எந்த சர்வரிலிருந்து கிளம்பியது, எங்கே நின்றது, எத்தனை மணிக்கு எந்தக் கை மாறியது என்று எல்லாமே அதில் பதிவாகியிருக்கும். தபால் உறையின் மேல் ஒவ்வொரு ஊரிலும் முத்திரை குத்துவார்களே, அதுபோல. இதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

கீழே இருந்த முத்திரை: வியாழன் இரவு 8.55. மேலே இருந்தது: வெள்ளி காலை 11.20. அனுப்பியதற்கும் கிடைத்ததற்கும் இடையே 51,912 விநாடிகள் என்று ஜிமெயிலே கணக்குப் போட்டுக் காட்டியது. பதினான்கரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு நேரமும் அந்த மெயில் எங்கே படுத்திருந்தது என்பதற்கும் அங்கேயே பதில் இருந்தது. அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் சர்வர் பெயர். கதவைச் சாத்தியது அவருடைய கைதான்.

*

பெயர் வேண்டாம் என்கிறார். வயது 26. பாலிடெக்னிக் படித்துவிட்டு, புதுச்சேரி டவுனில் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார். கடைகள், பள்ளிகள், லேப்கள், தொழிற்சாலைகள் என்று சுமார் 300 வாடிக்கையாளர்களுக்கு வெப்சைட்டும் அவரவர் நிறுவனப் பெயரில் மெயிலும் நடத்திக்கொடுக்கும் கம்பெனி. வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு இரவு டியூட்டி. வீட்டிலிருந்தபடியே சர்வரைக் கண்காணிக்க வேண்டும். தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர். மாலையானால் அங்கிருந்து மதுக்கடைக்கு வரும் பைக்குகளின் சத்தம் அடங்க நேரமாகும். அது அடங்கிய பிறகுதான் தன்னுடைய வேலையில் மனசு நிற்கும் என்பார்.

அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். 300 பேருக்கும் 300 மெயில் முகவரி இருந்தாலும், மெயில் வெளியே போகும் வாசல் ஒன்றுதான். அந்த வாசலுக்கு ஒரு எண் உண்டு, ஐபி முகவரி. ஜிமெயில், யாகூ போன்ற பெரிய நிறுவனங்கள் வருகிற மெயிலை உள்ளே விடுவதற்கு முன், அனுப்புகிறவரின் பெயரோடு இந்த எண்ணின் யோக்கியதையையும் பார்க்கின்றன. அந்த வாசலிலிருந்து இதுவரை ஒழுங்கான மெயில்கள் வந்தனவா, குப்பை வந்ததா என்று கணக்கு வைத்திருக்கின்றன. 300 பேரில் ஒருவர் கணக்கிலிருந்து குப்பை கொட்டினால், மீதி 299 பேரின் மெயிலையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். செலவு குறைவு என்பதற்காகப் பகிர்ந்துகொள்ளும் வாசலில், பேரும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

அந்த வியாழக்கிழமை இரவு 8.40 மணிக்கு போனில் எச்சரிக்கை மணி அடித்தது. வெளியே போகக் காத்திருக்கும் மெயில்களின் வரிசை சாதாரணமாக நாற்பது, ஐம்பது இருக்கும். அன்று பதினோராயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே மாதிரி: ‘உங்கள் பார்சல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, கட்டணம் செலுத்த இங்கே தொடவும்.’ ஏமாற்று லிங்க்.

“ஐபி போச்சுன்னா எல்லாம் போச்சு. சந்தேகம் வந்தா முதல்ல மூடு, அப்புறம் தேடு” என்று சீனியர் சொல்லிக்கொடுத்திருந்தார். 8.52-க்கு வெளியே போகும் பாதை முழுவதையும் மூடினார். பிறகு தேடினார். வில்லியனூர் பக்கத்தில் டிராவல்ஸ் நடத்தும் ஒருவரின் கணக்கு அது. அவர் எதையும் அனுப்பவில்லை, பாவம். கடைப் பெயரும் 123-ம் சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு. யாரோ வெளிநாட்டிலிருந்து அதைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்திருந்தார்கள். ‘ஸ்பேம் அனுப்புகிறவன்’ என்றதும் திருட்டு முழியோடு ஒரு ஆளைக் கற்பனை செய்கிறோம். பகிர்ந்த சர்வர்களில் பெரும்பாலும் மாட்டுவது இப்படிப்பட்ட அப்பாவிகளின் கணக்குதான்.

பாஸ்வேர்டை மாற்றி, அந்தக் கணக்கை நிறுத்தி, குப்பையை வரிசையிலிருந்து அழித்து முடிக்க மணி பத்தேகால் ஆகிவிட்டது. இரண்டாயிரத்துச் சொச்சம் ஏற்கெனவே வெளியே போயிருந்தது. இனி பாதையைத் திறக்கலாம். ஆனால் திறந்த பிறகு மீண்டும் கொட்டினால்? ‘காலையில் சீனியர் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திறக்கட்டும்’ என்று முடிவெடுத்தார். டிராவல்ஸ் கணக்கு தவிர வரிசையில் அப்போது அறுபது மெயில்கூட இல்லை. ராத்திரி நேரம், யாருக்கு என்ன அவசரம் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு சீனியர் வந்து திறந்தார். “நல்லவேளை மூடின” என்று பாராட்டினார். அதற்குள் ஜிமெயில் அந்த வாசலைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தது. ‘இப்போது வேண்டாம், கொஞ்சம் கழித்து வா’ என்று ஒவ்வொரு மெயிலையும் திருப்பி அனுப்பியது. மெயில் மொழியில் 4-ல் தொடங்கும் எண் வந்தால் ‘பிறகு வா’, 5-ல் தொடங்கும் எண் வந்தால் ‘வரவே வராதே’. நல்லவேளை, வந்தது 4. சர்வர் கதவைத் தட்டித் தட்டி, ஒவ்வொன்றாக உள்ளே போனது. சேதராப்பட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர் பிரிவிலிருந்து சோரியாங்குப்பத்துக்கு வந்த அந்த மெயிலும் அப்படித்தான் 11.20-க்கு உள்ளே போனது. இன்டர்வியூ தொடங்கி ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை இரவு பதினோரு மணிவரை அந்தப் பெண் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை, திண்ணையில் உட்கார்ந்தபடியே அவர் பார்த்திருக்கிறார். “என்ன, யாராச்சும் மெசேஜ் பண்றாங்களா?” என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறார்.

*

இது ஏதோ சின்ன கம்பெனியின் கத்துக்குட்டிச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இதே தவறு ஒருமுறை சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் தலையிலேயே விழுந்தது.

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. உலகம் முழுக்க ஜோஹோவின் மெயில், கணக்கு வழக்கு மென்பொருள் எதுவும் திறக்கவில்லை. ஜோஹோவின் சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ‘ஜோஹோ.காம்’ என்ற பெயரையே, அந்தப் பெயரைப் பதிவுசெய்து கொடுத்திருந்த டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம் முடக்கியிருந்தது. காரணம், ஜோஹோ மெயிலைப் பயன்படுத்தி சிலர் ஏமாற்று மெயில் அனுப்புவதாக வந்த புகார்கள். தங்களுக்கு இரண்டு மாதத்தில் வந்தவை மூன்றே புகார்கள், இரண்டு கணக்குகளை உடனே நீக்கிவிட்டோம், மூன்றாவதை விசாரித்துக்கொண்டிருந்தோம் என்றது ஜோஹோ. அப்போது அதன் பயனாளிகள் மூன்று கோடிக்கும் மேல். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, முடக்கிய நிறுவனத்தில் பொறுப்பான ஆள் ஒருவரைப் பிடிக்க முடியாமல் ட்விட்டரில் உதவி கேட்கவேண்டிய நிலை. சில மணி நேரத்தில் முடக்கம் நீங்கினாலும், அந்தச் செய்தி உலகத்தின் எல்லா மூலைக்கும் போய்ச்சேர இன்னும் நேரம் பிடித்தது. பிறகு ஜோஹோ தன் பெயர்ப் பதிவை கிளவுட்ஃபிளேருக்கு மாற்றிக்கொண்டது. இலவசக் கணக்கு தொடங்குவோர் மொபைல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்தது.

ஜோஹோவின் இலவச மெயிலைத் திருடர்கள் பயன்படுத்தியது உண்மைதான். புகார் சொன்னவர்கள் மேலும் தப்பில்லை. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்குகளுக்காக ஒரு நிறுவனத்தின் பெயர்ப் பலகையையே கழற்றியதை என்னவென்று சொல்வது? சோரியாங்குப்பம் இளைஞர் இந்தச் சம்பவத்தைப் பிறகுதான் தேடிப் படித்தார். படித்து முடித்ததும், “நானும் டியராநெட்டுதான்” என்று சிரித்தாராம். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பு இல்லை.

செல்போன் எஸ்.எம்.எஸ்ஸிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. மொத்தமாக அனுப்பப்படும் தொல்லை எஸ்.எம்.எஸ்களை வடிகட்ட ‘டிராய்’ கொண்டுவந்த விதியை, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2021 மார்ச் 8 அன்று முழுமையாக அமல்படுத்தின. முன்கூட்டியே பதிவுசெய்த வாசகத்தோடு பொருந்தாத எஸ்.எம்.எஸ் எல்லாம் குப்பைக்கு. விளைவு, பேங்க் ஓ.டி.பி வரவில்லை. ஆதார் ஓ.டி.பி வரவில்லை. தடுப்பூசிக்குப் பதிவுசெய்யவும் முடியவில்லை. மறுநாளே அந்த வடிகட்டலை ஏழு நாள்களுக்கு நிறுத்திவைத்தது டிராய்.

மெயிலுக்கு அப்படி ஒரு டிராய்கூடக் கிடையாது. தொல்லை தரும் மின்னஞ்சலையும் குற்றமாகச் சேர்த்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அது நியாயமான தீர்ப்பு. ஆனால் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் அதற்குப் பிறகும் வரவில்லை. அதனால் இங்கே போலீஸ், நீதிபதி எல்லாமே பெரிய மெயில் நிறுவனங்கள்தான். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் கடுமை காட்டுகின்றன. ஒரு நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர், தன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியலை வெளியிட வேண்டும். மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து இருக்க வேண்டும். விளம்பர மெயில் என்றால், ஒரே சொடுக்கில் ‘இனி வேண்டாம்’ என்று விலக வழி இருக்க வேண்டும். ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் ‘இது ஸ்பேம்’ என்று அமுக்கினாலே அனுப்புகிறவருக்குச் சிக்கல்.

அந்த ‘ஸ்பேம்’ பொத்தானுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாமே கேட்டு வாங்கிய நகைக்கடை மெயில் அலுத்துப்போனால், ‘விலகு’ என்பதைத் தொடாமல் கோபத்தில் ‘ஸ்பேம்’ என்று அமுக்கிவிடுகிறோம். அதே வாசலைப் பயன்படுத்தும் எங்கோ ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கும் அது கொஞ்சம் பாதையை அடைக்கிறது.

இந்தத் தலைவலிக்கு வயதும் அதிகம். 1978 மே மாதம், அமெரிக்காவின் ‘டிஜிட்டல் எக்விப்மென்ட்’ கம்ப்யூட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்ற விற்பனை அதிகாரி, அன்றைய ஆர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அன்று அவரைத் திட்டி நிறுத்த முடிந்தது. யார் அனுப்பினார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

*

சனிக்கிழமை இரவு அவர் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு நடந்ததைச் சொன்னார். ஐபி, சர்வர் எல்லாம் அம்மாவுக்கு எட்டாது. ஆனால் ‘ஒரே பாதை, முந்நூறு பேர்’ என்றதும் பிடித்துக்கொண்டார்.

“நம்ம தெருவுல அந்த மூணாவது வீட்டுக்காரன் குழாயில மோட்டார் வச்சு உறிஞ்சல? கடைசி வீடுங்களுக்குச் சொட்டுத் தண்ணி வரலையே. அப்ப கொம்யூன் பஞ்சாயத்துல இருந்து ஆள் வந்து என்ன பண்ணான்? மோட்டாரைக் கழட்டிட்டுப் போனான். டேங்க்கையா மூடினான்?”

“மோட்டார் எந்த வீட்ல இருக்குன்னு தெரியறவரைக்கும் மூடித்தானம்மா ஆகணும்?”

“சரி, தெரிஞ்ச பிறகு?”

அதற்குத்தான் அவரிடம் பதில் இல்லை. 8.52-க்கு மூடியது தவறு என்று அவர் இன்றும் நினைக்கவில்லை. பத்தேகாலுக்கு வீடு தெரிந்துவிட்டது, மோட்டாரையும் கழற்றியாகிவிட்டது. அதன் பிறகும் பதினோரு மணி நேரம் மூடி வைத்தது பயத்தினால். தன் பேர் கெட்டுவிடக் கூடாது என்ற பயம்.

இரவோடு இரவாக அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டாங்கண்ணா. அதை மட்டும் சொல்லிடு” என்றார்.

திங்கட்கிழமை சர்வர் பதிவுகளை எடுத்து, எந்த மெயில் எத்தனை மணிக்கு எங்கே நின்றது என்று எழுதி, தாமதம் எங்களுடையது என்று கம்பெனி பெயரிலேயே அந்த ஹெச்.ஆருக்கு அனுப்பவைத்தார். முதலாளிக்கு அதில் விருப்பமில்லை. ‘நம்ம வாயாலயே ஒத்துக்கணுமா’ என்று கேட்டார். சீனியர்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஹெச்.ஆர் அந்தப் பெண்ணை போனில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்த இடத்துக்கு வெள்ளிக்கிழமையே ஆள் எடுத்துவிட்டார்கள். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது கூப்பிடுவதாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பெண் எந்த விண்ணப்பத்திலும் தன் எண்ணோடு அப்பாவின் எண்ணையும் எழுதுகிறார். மெயில் எதிர்பார்க்கும் நாளில், ஸ்பேம் பெட்டியையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒரு போனும் போட்டுவிடுகிறார்.

கம்பெனியிலும் சில மாற்றங்கள். வாசலுக்கு வெளியே நின்று காவல் காத்தது போதும் என்று, ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி அளவு வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 150 மெயில். தாண்டினால் அந்தக் கணக்கு மட்டும் தானாக நிற்கும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று வழக்கத்துக்கு மாறாக ஒரு கணக்கு பேசத் தொடங்கினால், அதன் மெயில்கள் வேறொரு ஐபி வழியாக, தனிப் பாதையில் போகும். கடைப் பெயர் 123 வகை பாஸ்வேர்டுகள் ஏற்கப்படாது. இரண்டடுக்குப் பாதுகாப்பு கட்டாயம். இதற்கெல்லாம் பெரிய பணம் செலவாகவில்லை. ஒரு வாரம் தூக்கம்தான் செலவு. கறுப்புப் பட்டியல் ஒன்றில் ஏறியிருந்த ஐபியை நீக்கக் கேட்டு எழுதியபோது, ‘பணம் கொடுத்தால் உடனே எடுத்துத் தருகிறோம்’ என்று ஒரு புரோக்கர் மெயில் வந்ததாம். ஸ்பாம்ஹவுஸ் போன்ற முக்கியமான பட்டியல்காரர்கள் பெயரை நீக்கக் காசு வாங்குவதில்லை. அந்த மெயிலும் ஸ்பேம்தான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் இரவு டியூட்டியில் போன் வந்தது. வில்லியனூர் டிராவல்ஸ்காரர்.

“தம்பி, நானூறு கஸ்டமருக்கு வாழ்த்து அனுப்புனேன். நூத்தி அம்பதோட நின்னுபோச்சு. திரும்பவும் எவனாவது உள்ள பூந்துட்டானா?”

“இல்ல சார், லிமிட்டுதான். யாருக்கும் பிரச்னை இல்ல. மீதியை ஒரு மணி நேரம் கழிச்சு அனுப்புங்க, போகும்.”

“ஒரு மணி நேரமா? மத்தவங்க மெயில் எல்லாம் போகுதா?”

“போகுது சார்.”

லேப்டாப்பில் வரிசையைப் பார்த்தார். நாற்பத்து மூன்று.